தார் போட்டால் ஒழுகாதா? புதுச்சேரி மொட்டைமாடிகளின் கதை

போன முறை பணத்தாள்களின் வரலாறு பார்த்தோம். இந்த முறை கொஞ்சம் தலைக்கு மேலே பார்க்கலாம். அதாவது, கூரையை.

புரட்டாசி முடியும் நேரத்தில் புதுச்சேரித் தெருக்களில் நடந்தால் ஒரு வாசனை வரும். யாராவது ஒருவர் மாடியில் தார் உருக்கிக்கொண்டிருப்பார், அல்லது கருப்பு ஷீட்டைச் சுருட்டில் இருந்து பிரித்து, கேஸ் டார்ச் வைத்துச் சூடாக்கி ஒட்டிக்கொண்டிருப்பார். ஐப்பசி அடைமழைக்கு முன்பு முடித்தாக வேண்டும். "தார் போட்டாச்சு, இனிமே ஒழுகாது" என்பது நம் ஊரில் ஒரு மந்திரம் மாதிரி.

இந்தத் தார் எங்கிருந்து வந்தது? அது வருவதற்கு முன்பு இருநூறு வருடத்துக் கட்டடங்கள் எல்லாம் எப்படி மழையில் நின்றன? தார் உண்மையிலேயே காப்பாற்றுகிறதா? நான் படிப்பது பி.காம்., கட்டடக் கலை அல்ல. ஆனால் இந்தக் கதையின் முடிவில் கணக்குப்பதிவியல் வந்து நிற்கிறது, பாருங்கள்.

எவ்வளவு தண்ணீர்?

முதலில் எதிரி யார் என்று பார்ப்போம். 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தபோது 24 மணி நேரத்துக்குள் 40 செ.மீ.க்கும் மேல் மழை கொட்டியது. 1000 சதுர அடி மொட்டைமாடி ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். 40 செ.மீ. மழை என்றால் அந்த ஒரு மாடியில் மட்டும் சுமார் 37,000 லிட்டர் தண்ணீர் விழுகிறது. 12,000 லிட்டர் தண்ணீர் லாரி மூன்றைக் கொண்டுவந்து உங்கள் தலைக்கு மேல் திறந்துவிட்ட கணக்கு.

இது ஒரு நாள் கூத்து. மற்ற நாட்களில் கதை வேறு. வருட மழையில் பெரும்பங்கு அக்டோபர் முதல் டிசம்பர் வரை கொட்டித் தீர்த்துவிடும். சித்திரை, வைகாசியில் அதே மாடியில் வெறுங்காலோடு நிற்க முடியாது. மூன்று மாதம் ஊறி, மற்ற மாதங்களில் காய்ந்து கருகுவதுதான் நம் ஊர்க் கூரையின் தலையெழுத்து. இதை மனதில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

தாத்தா காலத்து விடை: மெட்ராஸ் ஒட்டு

1761-ல் ஆங்கிலேயர்கள் புதுச்சேரியைப் பிடித்து ஊரை இடித்துத் தள்ளினார்கள். 1765-க்குப் பிறகு பிரெஞ்சுக்காரர்கள் திரும்பி வந்து மறுபடி கட்டினார்கள். அதனால் கடற்கரை ஓரத்தில் இன்று நாம் படம் எடுத்துக்கொள்ளும் மஞ்சள் வீடுகள் பெரும்பாலும் அதற்குப் பிந்தியவை. வாய்க்காலுக்கு மேற்கே தமிழர் பகுதியில் திண்ணை, தெருவைப் பார்த்த தாழ்வாரம், முற்றம் என்று வேறு அமைப்பு. தாழ்வாரத்துக்கு ஓடு. ஆனால் உள்ளே மாடி வைத்த பகுதிக்குப் போனால் இரண்டு பகுதிகளிலும் ஒரே மாதிரிக் கூரையைப் பார்க்கலாம். நம் பக்கத்தில் மெத்தை வீடு என்று சொல்கிறோமே, அந்தத் தட்டையான தளம். இதற்கு 'மெட்ராஸ் ஒட்டு' அல்லது 'மெட்ராஸ் டெரஸ்' என்று பெயர்.

செய்முறை இதுதான். சுவருக்குச் சுவர் தேக்குக் கட்டைகளை நெருக்கமாக வைப்பார்கள். அதன் மேல் ஒரு அங்குலம் கனமே உள்ள சின்னச் செங்கல்லைக் குத்துவாக்கில், மூலைவாட்டில் சாய்த்து, சுண்ணாம்புச் சாந்தில் ஒட்டிக்கொண்டே போவார்கள். ஒட்டு என்ற பெயர் பொருத்தமாக இருக்கிறது அல்லவா? அது காய்ந்ததும் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்த கலவையை மூன்று நான்கு அங்குலம் கனத்துக்குக் கொட்டுவார்கள். பிறகு வரிசையாக உட்கார்ந்து மரக்கட்டையால் தட்டுவார்கள். ஒரு நாள் அல்ல, பல நாள். தட்டும்போது கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீரைத் தெளிப்பார்கள். கட்டை பட்டால் தெறிக்கும் அளவுக்கு இறுகிய பிறகு, அதன் மேல் தட்டோடு பதிப்பார்கள். செங்கல் தூளான சுர்க்கி கலந்த சுண்ணாம்பில் அதன் இணைப்புகளைப் பூசுவார்கள். தண்ணீர் ஓடுவதற்கு லேசான சாய்வு, சுவரைத் தாண்டி நீட்டிய தூம்பு. முடிந்தது.

இந்தக் கூரையில் தண்ணீரை முழுசாகத் தடுக்கும் பொருள் என்று எதுவுமே இல்லை. சுண்ணாம்பு நுண்துளைகள் உள்ளது. மழையில் கொஞ்சம் தண்ணீரைக் குடிக்கத்தான் செய்யும். ஆனால் கனமாக இருப்பதால் அந்த ஈரம் கீழே இறங்குவதற்குள் மழை விடும், வெயில் வரும், குடித்த தண்ணீர் வந்த வழியே ஆவியாகப் போய்விடும். மயிரிழை விரிசல் விழுந்தால், மழைநீரில் கரைந்த சுண்ணாம்பே அதில் படிந்து ஓரளவுக்கு அடைத்துவிடும்.

இதில் ஒரு நிபந்தனை உண்டு. வருடத்துக்கு ஒரு தடவையாவது யாராவது மேலே ஏற வேண்டும். தூம்பில் இலை அடைத்திருந்தால் எடுக்க வேண்டும். கைப்பிடிச் சுவர் இடுக்கில் முளைத்த அரசங்கன்றைப் பிடுங்க வேண்டும். பெயர்ந்த தட்டோட்டை மாற்றி, இணைப்பில் சுண்ணாம்பு பூச வேண்டும். வீட்டில் ஆள் இருந்த காலத்தில் இது பெரிய விஷயமே இல்லை. வடகமும் வற்றலும் காயப்போட எப்படியும் மேலே போவார்கள்.

தாரின் பயணம்

இப்போது தார் பக்கம் வருவோம். நாம் 'தார்' என்ற ஒரே சொல்லில் மூன்று பொருள்களைச் சொல்கிறோம். மரத்தையோ நிலக்கரியையோ காற்றுப் புகாமல் சூடாக்கினால் வடியும் கருப்புக் குழம்புதான் உண்மையான தார். அதைக் காய்ச்சி வடித்தபின் அடியில் தங்கும் கெட்டிப்பொருள் பிட்ச். கச்சா எண்ணெயைச் சுத்திகரிக்கும்போது அடியில் மிஞ்சுவது பிட்டுமன். இன்று ரோட்டுக்கும் மாடிக்கும் வருவது பெரும்பாலும் இந்த மூன்றாவது. இயற்கையிலும் இது கிடைக்கும். தமிழில் இதற்கு நிலக்கீல் என்று பெயரே இருக்கிறது.

நிலக்கீலை வைத்துத் தண்ணீரைத் தடுப்பது நம் துணைக்கண்டத்துக்குப் புதிது அல்ல. மொகஞ்சதாரோவின் பெருங்குளத்தைக் கட்டியவர்கள் சுமார் 4500 வருடங்களுக்கு முன்பே செங்கல் சுவர்களுக்கு நடுவே நிலக்கீல் பூசியிருக்கிறார்கள். நம் கடற்கரைப் படகுக்காரர்கள் பலகை இடுக்கை அடைக்க எண்ணெயில் காய்ச்சிய குங்கிலியத்தைப் பயன்படுத்தினார்கள். ஐரோப்பியக் கப்பல்களில் அந்த வேலையைச் செய்தது பைன் மரத் தார்.

கப்பலில் இருந்த தார் கூரைக்கு ஏறியது 19-ம் நூற்றாண்டில். லண்டனில் 1812-ல் தொடங்கி நிலக்கரி வாயுவால் தெருவிளக்கு எரிக்கும் கம்பெனிகள் பெருகின. வாயு எடுத்தபின் நிலக்கரித் தார் மலைபோல் மிஞ்சியது. என்ன செய்வது என்று தெரியாமல் கிடந்த கழிவுக்கு அமெரிக்காவில் ஒரு வியாபாரம் கிடைத்தது. 1840-களில் சின்சினாட்டி நகரில் வாரன் குடும்பத்தார், தாரில் தோய்த்த காகிதத்தை அடுக்கி மேலே சரளை தூவும் கூரையைப் பரப்பினார்கள். முதலில் பைன் தார். பிறகு, சும்மா கிடந்த நிலக்கரித் தார். வணிகவியல் படிப்பவர்களுக்கு இது பிடிக்கும்: ஒரு தொழிலின் உடன்விளைபொருள் இன்னொரு தொழிலின் மூலப்பொருள் ஆனது.

இந்த அடுக்குக் கூரையின் தத்துவம் எளிது. உண்மையில் தண்ணீரைத் தடுப்பது தார்தான். ஆனால் தாரை மட்டும் பூசினால் வெயிலில் ஓடும், குளிரில் வெடிக்கும். அதைப் பிடித்து வைக்க ஒரு துணி வேண்டும். அதுதான் ஃபெல்ட். ஒரு அடுக்கில் ஓட்டை இருந்தாலும் அடுத்த அடுக்கின் ஓட்டை அதே இடத்தில் இருக்காது என்பதால் அடுக்குகளை மாற்றி மாற்றிப் போடுகிறார்கள். மேலே சரளை எதற்கு? வெயிலுக்கு. சூரிய ஒளியும் காற்றும் சேர்ந்துதான் தாரைக் கிழவனாக்குகின்றன. எண்ணெய்ப்பசை போய், வறண்டு, முதலைத் தோல் மாதிரி வெடித்துவிடும்.

இந்தியாவில் ஃபெல்ட் தயாரிப்புக்கு ஐ.எஸ். 1322, அதைக் கூரையில் போடும் முறைக்கு ஐ.எஸ். 1346 என்று தர விதிகளே இருக்கின்றன. முதலில் ப்ரைமர், பிறகு சூடான பிட்டுமன், அதன் மேல் ஃபெல்ட், மறுபடி பிட்டுமன், கடைசியில் பட்டாணி அளவுக் கூழாங்கல். இப்படி ஐந்து படி. இப்போது டார்ச் வைத்து ஒட்டும் ஏ.பி.பி. ஷீட் இதன் பேரப்பிள்ளை. பிட்டுமனோடு ஒருவகை பாலிப்ரொப்பிலினைக் கலந்து 1960-களில் இத்தாலியில் உருவானது. ஒரு மீட்டர் அகலம், பத்து மீட்டர் நீளம், மூன்று நான்கு மில்லிமீட்டர் கனம். உள்ளே வலை இருப்பதால் பழைய ஃபெல்ட்டை விட உழைக்கும்.

இரண்டு கூரை, இரண்டு புத்தி

இதுவரை யாரும் தப்பு செய்யவில்லை. சிமெண்ட் கான்கிரீட் தளத்தின் மேல், சரியாகச் சாய்வு கொடுத்து, நன்றாகக் காயவிட்டு, இந்த ஷீட்டை ஒட்டி, வெயில் படாமல் அதன் மேல் ஓடு பதித்தால் நன்றாகவே வேலை செய்யும். பிரச்சினை எங்கே வருகிறது என்றால், இதைத் தாத்தா காலத்து மெட்ராஸ் ஒட்டு மேல் போடும்போது.

சுண்ணாம்புத் தளத்தின் புத்தி, குடித்ததைத் திருப்பித் தருவது. தாரின் புத்தி, எதையும் உள்ளே விடாமல் இருப்பது. இரண்டையும் சேர்த்தால் என்ன ஆகும்? தார் போட்ட மாடியிலும் தண்ணீர் போக வழி இருக்கும். கைப்பிடிச் சுவரும் தளமும் சேரும் மூலை, தூம்பு வாய், குழாய் நுழையும் இடம். அங்கே நுழைந்த தண்ணீர் ஷீட்டுக்கு அடியில் சுண்ணாம்பில் ஊறும். மழை விட்டு வெயில் அடிக்கும்போது அந்த ஈரம் மேலே போகப் பார்க்கும். மேலே மூடி இருக்கிறது. ஷீட் அங்கங்கே அப்பளம் மாதிரி உப்பும். மீதி ஈரம் கீழே இறங்கும். கீழே இருப்பது தேக்குக் கட்டை.

கட்டையின் நடுப்பகுதி அறைக்குள் காற்றோட்டமாக இருக்கிறது. தாங்கும். ஆனால் கட்டையின் இரண்டு முனைகளும் சுவருக்குள் புதைந்து கிடக்கின்றன. அங்கே காற்று இல்லை, ஈரம் மட்டும் உண்டு. மக்குவதும் கரையான் வருவதும் அங்கேதான். வெளியே பார்த்தால் ஒன்றுமே தெரியாது. கூரையின் மொத்தப் பாரமும் நிற்பது அந்த முனையில்தான். அந்தப் பாரம் லேசானதும் அல்ல. பத்து செ.மீ. கனமுள்ள சுண்ணாம்பு ஜல்லி மட்டும் சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 180 கிலோ வரும். ஊறினால் இன்னும் கூடும். ஒழுகும்போதெல்லாம் பழையதைப் பெயர்க்காமல் அதன் மேலேயே இன்னொரு பூச்சு, இன்னொரு ஷீட் என்று ஏற்றிக்கொண்டே போனால்?

இன்னொரு சங்கடம். சுண்ணாம்புத் தளம் ஒழுகினால் பெரும்பாலும் ஓட்டை நேர் மேலே இருக்கும், கண்டுபிடிக்கலாம். ஷீட்டுக்கு அடியில் தண்ணீர் ஒரு மூலையில் நுழைந்து, ஊர்ந்து போய், வேறொரு அறையில் சொட்டும். சொட்டுகிற இடத்துக்கு மேலே எத்தனை தடவை தார் பூசினாலும் பயன் இல்லை.

தார் உருக்குபவர்களைப் பற்றியும் ஒரு வரி. லண்டனில் புகைபோக்கி சுத்தம் செய்தவர்களுக்குக் கரிப்புகையால் புற்றுநோய் வருவதை 1775-லேயே பெர்சிவல் பாட் என்ற மருத்துவர் எழுதிவிட்டார். நிலக்கரித் தார் பிட்ச்சை வைத்துக் கூரை வேலை செய்வதை, உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு, மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் தொழில்களில் வைத்திருக்கிறது. பிட்டுமன் அந்த அளவுக்கு மோசம் இல்லை என்றாலும், கொதிக்கும் டின்னுக்கு முன்னால் முகத்தில் ஒரு கைக்குட்டையைக் கட்டிக்கொண்டு நிற்பது பாதுகாப்பு ஆகாது.

2014 நவம்பர் 29

கடற்கரைச் சாலையில் மேரி கட்டடத்தைப் பார்க்காதவர்கள் நம் ஊரில் இருக்க முடியாது. பிரெஞ்சுக்காரர்கள் 1870-களின் தொடக்கத்தில் கட்டிய நகர மண்டபம். கடலைப் பார்த்துத் தூண்களோடு நின்றது. 2014 நவம்பர் 29 அன்று, பெருமழைக்கு நடுவே, இடிந்து விழுந்தது. உலக வங்கி உதவியோடு பழைய தோற்றத்திலேயே மறுபடி கட்டி 2021 பிப்ரவரி 25-ல் திறந்தார்கள்.

அதை விழவைத்தது தார் என்று நான் சொல்ல வரவில்லை. புயலே வராத ஒரு நாளில் அது விழுந்ததுதான் என்னை யோசிக்க வைத்தது. மூன்று வருடத்துக்கு முன்பு, 2011 டிசம்பர் 30-ல், தானே புயல் புதுச்சேரிக்கும் கடலூருக்கும் நடுவே கரையைக் கடந்து ஊரையே புரட்டிப் போட்டது. அன்றைக்கு மேரி நின்றது. பிறகு ஒரு சாதாரண வடகிழக்குப் பருவமழையில் போய்விட்டது. பழைய கட்டடங்கள் புயலில் விழுவதை விட, வருடக்கணக்காக உள்ளே இறங்கிய ஈரத்தால்தான் விழுகின்றன என்பதற்கு இதைவிடப் பெரிய பாடம் வேண்டுமா?

அதே ஊரில் எதிர் உதாரணமும் உண்டு. வைசியாள் தெருவில் 2000-களில் ஐரோப்பிய ஒன்றியத்தின் ஆசியா அர்ப்ஸ் திட்டத்தில், இன்டாக் அமைப்பும் அரசும் வீட்டுக்காரர்களும் சேர்ந்து பழைய வீடுகளின் முகப்புகளைச் சீர்செய்தார்கள். 2008-ல் யுனெஸ்கோ விருதும் வந்தது. ஒரு தடவை போய்ப் பாருங்கள்.

இப்போது கணக்குப் புத்தகம்

பிளஸ் ஒன் கணக்குப்பதிவியலில் படித்தது ஞாபகம் இருக்கிறதா? முதலினச் செலவு, வருவாயினச் செலவு, நீள்பயன் வருவாயினச் செலவு. மெட்ராஸ் ஒட்டு என்பது வருவாயினச் செலவில் உயிர் வாழும் கூரை. வருடா வருடம் கொஞ்சம் சுண்ணாம்பு, ஒரு கொத்தனாரின் ஒரு நாள் கூலி. தார் என்பது நீள்பயன் செலவு. ஒரு தடவை பெரிய தொகையைப் போட்டுவிட்டுச் சில வருடத்துக்கு மறந்துவிடலாம். தார் விற்கும் உண்மையான சரக்கு இந்த மறதிதான்.

புதுச்சேரியில் இந்த மறதிக்கு நல்ல கிராக்கி. காரணம் நம் ஊரின் வரலாற்றிலேயே இருக்கிறது. பிரெஞ்சுக் குடியுரிமை வாங்கியவர்கள், பிரெஞ்சுப் படையில் சொல்தாவாக வேலை பார்த்தவர்கள், அவர்கள் பிள்ளைகள் என்று எத்தனையோ குடும்பங்கள் பிரான்சில் இருக்கின்றன. வீடு இங்கே, வாரிசுகள் அங்கே. ஐந்து பேருக்குப் பொதுவான வீட்டில் வருடா வருடம் கொத்தனாரை ஏற்ற யார் கையெழுத்துப் போடுவது? வாடகைக்கு இருப்பவருக்கு அது சொந்த வீடு இல்லை. அதனால் விடுமுறைக்கு வருபவர் ஊருக்குக் கிளம்பும் முன் ஒரு தடவை தார் போட்டுவிட்டுப் போகிறார். பத்து வருடம் கழித்து வந்து பார்த்தால் கட்டை மக்கியிருக்கிறது. இடித்துவிட்டு அடுக்குமாடி கட்டலாம் என்று ஒருவர் வருகிறார். தேய்மானத்தைக் கணக்கில் எழுதாமல் விட்டால், அது கடைசியில் மொத்தமாக நட்டத்தில் வந்து நிற்கும் என்று நமக்குச் சொல்லிக்கொடுத்தார்களே, அதுதான் இது.

மூன்றாவது வழி ஒன்று

புதுச்சேரியிலேயே வேறு மாதிரி யோசித்த ஒரு கூரை இருக்கிறது. அரவிந்தர் ஆசிரமத்தின் கோல்கொண்டா விடுதி. ஐதராபாத் திவான் அக்பர் ஹைதரி மூலம் வந்த நன்கொடையால் அந்தப் பெயர். அந்தோனின் ரேமண்ட் என்ற செக் நாட்டுக் கட்டடக் கலைஞர் வடிவமைத்து, 1930-களின் பிற்பகுதியில் கட்டத் தொடங்கியது. முழுக்கக் கான்கிரீட். தட்டையான தளத்தின் மேல் வளைந்த மெல்லிய கான்கிரீட் ஓடுகளை வரிசையாக அடுக்கி, நடுவே காற்று போக இடம் விட்டிருக்கிறார்கள். வெயிலும் மழையும் முதலில் அந்த ஓட்டில்தான் படும். அடித்தளம் நிழலிலேயே இருக்கிறது. உள்ளே ஈரம் போனாலும் காற்று காயவைத்துவிடும். சுண்ணாம்புத் தளத்தின் புத்தி, புதிய பொருளில்.

ஆக, ஒழுகாத கூரை என்று கடையில் எதுவும் விற்பதில்லை. கான்கிரீட் தளமா, பிட்டுமன் ஷீட் போடுங்கள், மேலே ஓடு பதித்து வெயிலை மறையுங்கள். பழைய மெத்தை வீடா, சுண்ணாம்பு வேலை தெரிந்த கொத்தனாரைத் தேடுங்கள், மூடி போடாதீர்கள். எதுவாக இருந்தாலும் புரட்டாசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மேலே ஏறித் தூம்பைப் பாருங்கள். அரை மணி நேரம், செலவு பூஜ்யம். வருவாயினச் செலவிலேயே மலிவானது அதுதான்.

உங்கள் ஊரில் மெட்ராஸ் ஒட்டுக்கு வேறு பெயர் இருந்தால் எழுதுங்கள். தளம் தட்டும்போது பாட்டு பாடுவார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். யாருக்காவது வீட்டில் பெரியவர்கள் சொல்லித் தெரிந்திருந்தால் அதையும் சொல்லுங்கள். அடுத்த கட்டுரையில் சந்திப்போம்.